விண்டோஸ் 10: மாறலாமா, காத்திருக்கலாமா?

உங்கள் வீட்டுக் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறதா? 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் அந்த இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. ஆனால் மறுநாளும் கணினி எப்போதும்போல் திறந்தது. வேர்டு, இணையம், விளையாட்டு என எல்லாம் ஓடின. அப்படியானால் புதிய இயங்குதளத்துக்கு ஏன் மாற வேண்டும்? புதிய மடிக்கணினி கேட்டு வீட்டில் நச்சரிப்பதற்கு முன், இதைக் கொஞ்சம் அலசிப் பார்ப்போம்.

ஆதரவு நின்றால் என்ன ஆகும்?

இயங்குதளம் என்பது பல மில்லியன் வரிகள் கொண்ட நிரல். அவ்வளவு பெரிய நிரலில் பிழைகள் இருக்கத்தான் செய்யும். அவற்றுள் சில, வெளியாள் உள்ளே நுழைய வழிவிடும் ஓட்டைகள். இவற்றை அடைக்கும் திருத்தங்களை மைக்ரோசாப்ட் மாதந்தோறும் வெளியிடுகிறது. ஆதரவு நின்றது என்றால், இந்தத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது என்று பொருள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டும் பெரும்பகுதி நிரலைப் பகிர்ந்துகொள்கின்றன. விண்டோஸ் 11க்கு ஒரு திருத்தம் வந்ததும், ஊடுருவிகள் திருத்தத்துக்கு முன்பிருந்த நிரலையும் பின்பு வந்த நிரலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எந்த இடம் மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை இருந்தது என்று தெரிந்துவிடும். அதே ஓட்டை விண்டோஸ் 10இல் அடைபடாமல் இருந்தால், புதியதற்கு வந்த மருந்தே பழையதைத் தாக்க வழிகாட்டும். அதனால்தான் ஆபத்து ஒரே நாளில் வராமல், மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகிறது.

வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் போதாதா? அது, தனக்கு அடையாளம் தெரிந்த திருடனைப் பிடிக்கும் காவலாளி. உடைந்த கதவைப் பழுதுபார்ப்பது அதன் வேலையன்று.

2017இல் கிடைத்த பாடம்

2017 மே 12ஆம் தேதி ‘வானாக்ரை’ என்ற நிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டி, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. யாரும் எதையும் சொடுக்காமலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின.

அந்த ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14ஆம் தேதியே வெளிவந்திருந்தது. பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். திருத்தத்தைப் பதிவேற்றாமல் விட்டவை. ஆக, ஆதரவுள்ள இயங்குதளம் இருந்தால் மட்டும் போதாது. வரும் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றவும் வேண்டும்.

உங்கள் கணினி தகுதி பெறுமா?

விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறுவது இலவசம். ஆனால் எல்லாக் கணினிகளும் அதற்குத் தகுதி பெறா. குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம் தேவை. இன்டெல் புராசசர் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். இவற்றோடு ‘டிபிஎம் 2.0’ என்ற பாதுகாப்பு வசதியும் தேவை. கோப்புகளைப் பூட்டும் மறைச்சாவிகளை, மற்ற நிரல்கள் தொட முடியாத இடத்தில் வைத்துக் காப்பது இதன் பணி.

மைக்ரோசாப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவசச் செயலி, உங்கள் கணினி தேறுமா என்று சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். பல கணினிகளில் அது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயோஸ் அமைப்பில் அதை இயக்கலாம்; விவரம் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தேறாவிட்டால்?

முதல் வழி, கால நீட்டிப்பு. தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை வழங்க மைக்ரோசாப்ட் ஒரு திட்டத்தை அறிவித்தது. மைக்ரோசாப்ட் கணக்கில் கணினியின் அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. 30 டாலர் கட்டியும் சேரலாம். இது கிடைக்கும் அவகாசம் மட்டுமே, நிரந்தரத் தீர்வன்று.

இரண்டாவது வழி, லினக்ஸ். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் பல பழைய கணினிகளிலும் நன்றாக ஓடும். ஒரு பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். பிடித்தால் மட்டும் பதிக்கலாம். கட்டுரை எழுத லிப்ரே ஆபிஸ் இருக்கிறது, தமிழ்த் தட்டச்சு வசதியும் உண்டு. ஆனால் கணினியில் பதிக்கும் மைக்ரோசாப்ட் ஆபிஸ் இதில் நேரடியாக ஓடாது. ‘வாலரண்ட்’ போன்ற சில விளையாட்டுகளும் ஓடா. பழைய பிரிண்டர் வேலை செய்கிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

மூன்றாவது வழி, புதிய கணினி. மற்ற இரண்டும் உதவாதபோது இதை யோசிக்கலாம். நன்றாக ஓடும் கணினியைத் தூக்கியெறிந்தால் வீட்டுக்குச் செலவு, மண்ணுக்கு மின்னணுக் கழிவு.

எப்போது மாறுவது?

வீட்டில் யாராவது அதே கணினியில் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துகிறார்களா? அப்படியானால் திருத்தம் வராத இயங்குதளத்தில் தொடர வேண்டாம். இன்றே ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள். அதற்காக எஸ்பிஎம் தேர்வுக்கு முந்திய வாரத்திலோ, பள்ளிச் செயல்திட்டத்தை ஒப்படைக்கும் நாளுக்கு முன்னிரவிலோ இயங்குதளத்தை மாற்றவும் கூடாது. அதுவரை நீட்டிப்புத் திட்டம் கைகொடுக்கும். மாற்றும் வேலையைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் முன் மறக்கக் கூடாதவை:

• முக்கியக் கோப்புகளின் நகலை வெளி வட்டிலும் மேகச் சேமிப்பிலும் வையுங்கள். நகலைத் திறந்தும் பாருங்கள்; திறக்காத நகலால் பயனில்லை.

• கணினி மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், ‘பிட்லாக்கர்’ மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பயோஸில் கை வைத்த பிறகு கணினி அதைக் கேட்கக்கூடும்.

• மடிக்கணினியின் மின்னூட்டியை இணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் நின்றால் சிக்கல்.

• விண்டோஸ் 11 பிடிக்கவில்லையென்றால், பொதுவாக 10 நாள்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். எனவே மாறிய முதல் வாரத்திலேயே பிரிண்டர், வகுப்பு மென்பொருள், விளையாட்டு என எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுங்கள்.