விமானியின் திறனும் வேண்டுதலும்

பறந்துசெல்லும் விமானம் இடைவழியில் ஊறுபட்டு, அதில் உள்ளார் உயிர் தப்பினாராயின், மறுநாட் பத்திரிகைகள் அதனை 'அற்புதம்' என்று பெரிய எழுத்திற் பொறிக்கின்றன. தப்பாது மாண்டனராயின், பிழை செய்தவர் யாரென ஒருவரைத் தேடுகின்றன. முன்னையதிற் புகழ் தெய்வத்தைச் சார்கின்றது. பின்னையதிற் பழி மனிதனைச் சார்கின்றது. இவ்வழக்கம் உண்மைக்கு எத்துணை அணுக்கமானது என்பது ஆராயத்தக்கது. அவ்வாராய்ச்சிக்கு வாய்ப்பான இரு செய்திகள் 2009 ஆம் ஆண்டில் இரண்டு மாத இடைவெளியில் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. இரண்டும், இயந்திரங்கள் முற்றாக ஓய்ந்த விமானத்தை நீரில் இறக்கிய விமானிகளைப் பற்றியவை. ஒருவர் வீரர் எனப் போற்றப்பட்டார். மற்றவர் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றார்.

முதலாவது பலரும் அறிந்தது. 2009 சனவரி 15 ஆம் நாள் பிற்பகல், நியூயோர்க் நகரின் லாகுவார்டியா நிலையத்திலிருந்து எயார்பஸ் ஏ-320 வகை விமானம் ஒன்று சார்லற் நகர் நோக்கிப் புறப்பட்டது. பிரயாணிகள் 150 பேரும் பணியாளர் ஐவரும் அதில் இருந்தனர். ஏறத்தாழ 2,800 அடி உயரத்திற் கனடா வாத்துக் கூட்டம் ஒன்று எதிர்ப்பட, இரு இயந்திரங்களும் பறவைகளை உள்ளிழுத்து வலுவிழந்தன. அதன்பின் நீரில் இறங்கும்வரை விமானிகளுக்குக் கிடைத்த காலம் மூன்றரை நிமிடம். தலைமை விமானி செஸ்லி சலன்பேகர் ஹட்சன் நதியில் விமானத்தை இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர். நியூயோர்க் மாநில ஆளுநர் இதனை 'ஹட்சன் அற்புதம்' என்றார், அப்பெயரே நிலைத்துவிட்டது.

அந்த மூன்றரை நிமிடத்துள் நிகழ்ந்தவை யாவை? விமானத்தை அதுவரை செலுத்திக்கொண்டிருந்தவர் துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ். அவர் அவ்வகை விமானத்திற் பயிற்சி முடித்து நெடுநாளாகவில்லை. எனினும் ஏனைய விமானங்களில் நீண்ட அநுபவம் உடையவர். சலன்பேகர் செலுத்துகையைத் தாம் ஏற்க, ஸ்கைல்ஸ் இயந்திரங்களை மீண்டும் இயக்கும் முறைகளை ஒழுங்குப் பட்டியலைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார். அப்பட்டியல் மிக உயரத்திற் பறக்கும்போது நேரும் இடருக்காக வகுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதியைத்தானும் கடக்குமுன் நீர் அணுகிவிட்டது. ஆனாற் பட்டியலிற் பிந்தி வரவேண்டிய ஒன்றைச் சலன்பேகர் முதலிலேயே செய்திருந்தார். வாற்பகுதியிலுள்ள சிறிய துணை இயந்திரத்தை இயக்கியதே அது. அதனால் மின்சாரம் அறாது கிடைத்தது. விமானத்தின் கணிப்பொறிகள் தம் முழு வலுவோடு தொழிற்பட்டு, அது வேகங்குன்றித் தலைகுப்புற வீழாவண்ணம் காத்தன. பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாத இச்சிறு செயல், நதியில் மெல்லென இறங்கிய பெருங்காட்சியிலும் பாராட்டுக்குரியது.

சலன்பேகருக்கு அப்பொழுது வயது 57. பதினாறாம் வயதிற் பறக்கக் கற்றவர். அமெரிக்க ஆகாயப்படையிற் போர்விமானம் செலுத்தியவர். பறந்த மணிநேரம் 20,000 ஐ அணுகியிருந்தது. பின்னர்த் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், அவ்வேளையிற் பிரார்த்தனை செய்தீரோ என்று வினவப்பட்டது. தாம் விமானத்தைச் செலுத்திக்கொண்டிருக்கையிற் பின்னால் இருந்தவர் எவரேனும் அதனைத் தமக்காகக் கவனித்திருப்பர் என்று எண்ணுவதாக அவர் விடை கூறினார். இதனை நாத்திகம் என்றோ ஏளனம் என்றோ கொள்ளல் தவறு. ஒரே விமானத்தில் அவரவர்க்கு அவரவர் பணி உண்டு என்பதே அவ்விடையின் கருத்துப் போலும்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2010 மே மாதத்தில் முடித்த விசாரணை, அனைவரும் பிழைத்ததற்குப் பல காரணங்களைக் காட்டியது. விமானிகளின் முடிவும் தம்முள் ஒத்துழைத்தமையும் அவற்றுள் முதன்மையானவை. பணிப்பெண்கள் மூவரின் செயல், அருகிருந்த பிரயாணப் படகுகள் சில நிமிடங்களில் வந்து சேர்ந்தமை என்பனவும் கூறப்பட்டன. இன்னொன்று நுட்பமானது. அப்பயணம் கடல்கடந்த பயணமன்று. ஆதலின் மிதவைகளாகப் பயன்படும் சறுக்கு வழிகள் அவ்விமானத்தில் இருக்கவேண்டும் என்னும் விதி இல்லை. எனினும் அன்று அனுப்பப்பட்டது அவற்றை உடைய விமானமாக அமைந்தது. இதனை நற்பேறு என்ற பொருள்படவே சபை குறித்தது. உறைபனிக் காலத்து நீரிலே அந்நற்பேறு சிறியதன்று. விசாரணையாளர் நற்பேற்றை மறுத்தாரல்லர். அது எவ்விடத்தில் எவ்வளவு வந்தது என்று அளந்து கூறினர். அற்புதம் என்ற சொல்லுக்கு அந்த அளவு இல்லை.

2016 இல் கிளின்ற் ஈஸ்ற்வுட் இந்நிகழ்ச்சியைத் திரைப்படமாக்கினார். கதைக்கு ஓர் எதிரி வேண்டுமன்றோ? வாத்துக்கள் அதற்குப் போதா. ஆகவே விசாரணையாளர்கள் விமானியைக் குற்றவாளியாக்க முயல்வோராகக் காட்டப்பட்டனர். உண்மையான அறிக்கையோ வேறு. பயிற்சிப்பொறியிற் செய்த பரிசோதனையில், உடனே திரும்பியிருந்தால் விமானநிலையத்தை அடைய இயலும் என்று சில முயற்சிகள் காட்டின. நிலைமையை உணர்ந்து முடிவு செய்வதற்கு 35 விநாடி கழித்துப் பார்த்தபோது இயலவில்லை. இவ்விரண்டையும் எழுதி, நதியில் இறக்கியமை சரியென நிறுவியவர்கள் அவ்விசாரணையாளரே. திரைப்படம் ஒருவரை உயர்த்துவதற்காக, அவருக்குச் சான்று பகர்ந்தவரையே தாழ்த்திவிட்டது.

இரண்டாவது செய்தி 2009 மார்ச்சில் இத்தாலியின் பலேர்மோ நகர நீதிமன்றத்திலிருந்து வந்தது. வழக்கின் நிகழ்ச்சி 2005 ஓகஸ்ட் 6 ஆம் நாளுக்குரியது. இத்தாலியின் பாரி நகரிலிருந்து துனீசியாவின் ஜெர்பாத் தீவுக்கு 39 பேருடன் சென்ற ஏ.ரி.ஆர்-72 வகை விமானம், இரு இயந்திரங்களும் ஓய்ந்து, சிசிலித் தீவின் வடபாற் கடலில் இறங்கி உடைந்தது. 16 பேர் மாண்டனர். தலைமை விமானிக்கும் துணை விமானிக்கும் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது; மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. ஆபத்து வேளையில் விமானி இறைவனை உரக்க வேண்டினார் என்ற செய்தியைப் பத்திரிகைகள் பற்றிக்கொண்டன. செய்யவேண்டியதை விட்டுப் பிரார்த்தித்த விமானிக்குச் சிறை என்பதே பல நாடுகளிலும் தலைப்பு.

இயந்திரங்கள் ஓய்ந்தது ஏன்? எரிபொருள் தீர்ந்துவிட்டது. தீர்ந்ததை விமானிகள் அறியாதது ஏன்? முதல்நாட் பழுதுபார்த்தோர், ஏ.ரி.ஆர்-42 என்னும் சிறிய வகைக்குரிய எரிபொருள் அளவுமானியை இப்பெரிய விமானத்திற் பொருத்திவிட்டனர். தோற்றத்தால் ஒத்த அது அதே இடத்திற் பொருந்தியது. உள்ளதிலும் மிகுதியாகக் காட்டியது. தாங்கி வறண்டபின்னும் எரிபொருள் உண்டென்றே முள்போல் நின்று பொய் கூறியது. விமானிகளிடத்துப் பிழை இல்லாமலில்லை. எரிபொருள் இட்டதற்கான சீட்டு இல்லாததைத் தலைமை விமானி உரியவாறு ஆராயவில்லை. ஓய்ந்த இயந்திரத்தின் சுழலலகுகளைக் காற்றோட்டத்துக்கு நேராகத் திருப்பிவிடின் தடை குறைந்து விமானம் நெடுந்தூரம் வழுக்கிச் செல்லும். அவ்வாறு செய்திருந்தாற் பலேர்மோ நிலையத்தை அடைந்திருத்தல் கூடும் என்று விசாரணை கண்டது. செய்யாதது ஏன் எனின், எரிபொருள் உண்டென நம்பியோர் இயந்திரங்களை மீண்டும் இயக்குவதிலேயே முனைந்திருந்தனர். பிழையின் வேர் பொய்யளவுமானி. நிறுவன அதிகாரிகளும் பழுதுபார்க்கும் பிரிவினரும் அவ்வழக்கிலே தண்டிக்கப்பட்டமை இதனாலேயே. ஆனால் அளவுமானி தலைப்புக்கு உதவாது, பிரார்த்தனை உதவும்.

வேண்டுதல் நாவின் தொழில். செலுத்துகை கையின் தொழில். ஒரு விமானியைப்பற்றிக் கேட்கவேண்டிய வினா, நா என்ன கூறியது என்பதன்று. அவ்வேளை கை என்ன செய்தது என்பதே. 'கடவுளே' என்னாது பிழை செய்தவரும் உளர். கூறிக்கொண்டே சரியானதைச் செய்தவரும் உளர்.

நாவின் சொல்லைமட்டும் கொண்டு தீர்ப்பிடுவதன் தீங்கு 1999 இல் நன்கு வெளிப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபர் 31 ஆம் நாள் நியூயோர்க்கிலிருந்து கெய்ரோ சென்ற எகிப்திய விமானம் அத்திலாந்திக் கடலில் வீழ்ந்து 217 பேர் மாண்டனர். மாற்று விமானி, இறைவனையே சார்ந்தேன் என்னும் பொருளுள்ள அரபு மொழித்தொடரைப் பலமுறை கூறியது ஒலிப்பதிவில் இருந்தது. எச்செயலைத் தொடங்கும்போதும் அம்மொழியார் இயல்பாகக் கூறுவது அது. அமெரிக்கப் பத்திரிகைகள் சிலவோ, தாம் முடிவு செய்துவிட்டதாகவும் அவர் கூறினார் என எழுதின. அச்சொற்கள் ஒலிப்பதிவில் இல்லை என்று பின்னர் அறியப்பட்டது. அவர் செலுத்துகருவியை இயக்கிய முறையே வீழ்ச்சிக்குக் காரணம் என அமெரிக்க விசாரணை முடித்தது. எகிப்திய அரசு அதனை ஏற்கவில்லை. அமெரிக்க அறிக்கையும் அவ்வாறு செய்ததன் நோக்கத்தைத் துணியவில்லை. விசாரணையாளர் துணியாததைப் பத்திரிகைகள் இரண்டு வாரத்தில் துணிந்திருந்தன.

நம்பிக்கையும் திறனும் ஓரிடத்து அமைந்ததற்கு 2018 ஏப்பிரல் 17 ஆம் நாள் நிகழ்ச்சி சான்று. நியூயோர்க்கிலிருந்து டலஸ் சென்ற விமானத்தின் இடப்புற இயந்திரத்தில் விசிறியலகு ஒன்று முறிந்தது. சிதறிய துண்டு சாளரத்தை உடைத்தது. தலைமை விமானி தாமி ஜோ ஷல்ற்ஸ் அதனைப் பிலடெல்பியாவில் இறக்கினார். முன்னர்க் கடற்படைப் போர்விமானம் செலுத்திய அம்மையார், தம் கிறித்தவ நம்பிக்கையைப் பிற்காலத்து நூலொன்றில் வெளிப்படையாக எழுதியவர். 148 பேர் பிழைத்தனர். சாளரத்தருகிருந்த பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். இதனையும் அற்புதம் என்றவர் உளர். அப்பெண்மணியின் குடும்பத்தார் அச்சொல்லைப் படிக்கும்போது என்ன பொருள் கொள்வர் என்பதை எழுதியோர் சிந்தித்திலர். அருள் 148 பேரைக் கருதி ஒருவரை மறந்தது என்று கூற எச்சமயமும் ஒருப்படாது.

விசாரணை அறிக்கைகளோ சொல்லலங்காரம் அற்றவை, படிக்கச் சுவையற்றவை. தாழ்ந்த உயரத்தில் எல்லா இயந்திரமும் ஓய்ந்தாற் செய்யவேண்டியவற்றுக்குத் தனிப் பட்டியல் வகுக்குமாறு ஹட்சன் அறிக்கை விதந்துரைத்தது. அவ்விமானம் நதியினின்றும் மீட்கப்பட்டு, 2011 இல் தரைவழியாகச் சார்லற் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்குள்ள நூதனசாலையில் வைக்கப்பட்டிருக்கின்றது. வயிற்றுப்புறத்துத் தகடுகள் நீர் மோதிக் கிழிந்த இடங்களை அங்கே காணலாம்.