முத்திரைத்தாளில் மணமுறிவு ஆகுமா?

நான் சட்டம் பயில்பவன் என்பதால் விடுதி நண்பர்கள் என்னிடம் ஐயம் கேட்பதுண்டு. சென்ற வாரம் ஒருவர், “என் அக்காளும் அத்தானும் முத்திரைத்தாளில் ‘பிரிந்துவிட்டோம்’ என எழுதிக் கையொப்பமிட்டார்கள். அக்காளுக்கு வேறு வரன் பார்க்கலாமா?” என்றார்.

கூடாது என்றேன். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி நீதிமன்றமே மணத்தை முறிக்கும். மெய்ப்பிக்கத்தக்க குல வழக்கம் ஒன்றே விலக்கு. அதற்குள் மறுமணம் செய்தால் அது செல்லாது, குற்றமுமாகும்.

இருவரும் இசைந்தால் வழி எளிது. 1976-இல் சேர்த்த 13-பி பிரிவின்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் கூட்டாக மனுச் செய்யலாம். ஆறு மாதம் கழித்து இசைவை உறுதிசெய்ய வேண்டும். தக்க வழக்குகளில் இக்காத்திருப்பைத் தளர்த்தலாமென 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

நண்பர் அன்றிரவே ஊருக்குப் பேசினார். வரன் பார்ப்பது நின்றது, வழக்கறிஞரைப் பார்க்கிறார்கள்.