ஓடும் லாரி திடீரென நின்றுவிட்டால்...

வெட்டிய கரும்பு காத்திருக்காது. வெட்டிய நேரத்திலிருந்தே அதன் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையத் தொடங்குகின்றன. தக்காளி, வெண்டை, வாழை இலை போன்றவை இன்னும் அவசரமானவை. விடியுமுன் கோயம்பேடு சந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு, எஞ்சின் நின்றுபோன லாரியில் நடுவழியில் கிடந்தால் அன்றைய விலை கைநழுவிப் போகும். சொந்தமாக லாரி வைத்திருக்கும் விவசாயிகள் பலரும் பழைய வண்டியை வாங்கி ஓட்டுபவர்களே. எனவே, எஞ்சின் ஏன் நின்றது என்பதைச் சாலையோரத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது அவசியம். இது அரை மணி நேர வேலையா, மெக்கானிக் வர வேண்டிய வேலையா, சரக்கை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டுமா என்பது தெரிந்தால்தான் சரக்கைக் காப்பாற்ற முடியும்.

எஞ்சின் நின்றவுடன் முதலில் கவனிக்க வேண்டியது எஞ்சினை அல்ல, பிரேக்கை. ஏர் பிரேக் உள்ள லாரியில் எஞ்சின் நின்றால் காற்று அடைக்கும் கம்பரசரும் நின்றுவிடும். காற்று டேங்கில் மிச்சமிருக்கும் காற்றைக் கொண்டு சில முறைதான் பிரேக் பிடிக்கலாம். ஆகவே பெடலை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி வண்டியை ஓரங்கட்ட வேண்டும். பவர் ஸ்டியரிங்கும் இறுகிப் போகும். பலங்கொண்டு திருப்ப வேண்டியிருக்கும். ஸ்டியரிங் பூட்டு உள்ள சிறிய வண்டிகளில், வண்டி உருளும்போது சாவியைக் கழற்றவே கூடாது. நிறுத்தியதும் கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நன்கு தள்ளி வைக்கவும். கட்டைக்குப் பதில் கல் வைப்பவர்கள், புறப்படும்போது அதைச் சாலையிலேயே விட்டுச் செல்வது பின்னால் வருபவனுக்குச் செய்யும் கேடாகும்.

அடுத்து, பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. காரணம் பார்க்காமல் செல்பை அடித்துக்கொண்டே இருப்பார்கள். பத்து நிமிடத்தில் பேட்டரி தீர்ந்துபோகும். ஒரு கோளாறு இரண்டு கோளாறாகிவிடும்.

நின்ற விதம் என்ன?

டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டியைப் போல் தீப்பொறி பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை 15 முதல் 20 மடங்கு வரை அழுத்தும்போது அதன் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல் ஏறுகிறது. அந்த வெப்பத்தில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. ஆகக் காற்று, அழுத்தம், டீசல் ஆகிய மூன்றும் போதும். அதுவரை நன்றாக இழுத்துக்கொண்டு வந்த வண்டியில், நான்கு அல்லது ஆறு சிலிண்டர்களிலும் ஒரே நொடியில் அழுத்தம் போய்விடுவது அபூர்வம். ஏர் பில்டர் அடைத்தால் முதலில் வலு குறைந்து கரும்புகை வரும், திடீரென நிற்காது. மீதமிருப்பது டீசல்தான். எனவே வேறு காரணம் தெரியாதவரை டீசல் மீதே சந்தேகம் கொள்ள வேண்டும்.

டிரைவரைக் கேட்கவும்: எப்படி நின்றது? இழுவை குறைந்து, விக்கி விக்கி, ஆக்சிலேட்டரை மிதித்தும் கேட்காமல் நின்றதா? அப்படியானால் டீசல் வரத்துக் குறைந்திருக்கிறது அல்லது டீசலோடு காற்று கலந்திருக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் ஒரே வெட்டாக நின்றதா? மின்சார இணைப்பு, சொலினாய்டு, சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். சத்தம் போட்டு, கனத்து, டயர் தேய நின்றதா? அப்படியானால் செல்பைத் தொடவே கூடாது.

செல்ப் அடிக்கும்போது சைலன்சரையும் ஒருவர் பார்க்க வேண்டும். வெளுத்த புகை வந்தால் டீசல் சிலிண்டர் வரை போகிறது என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. செலவில்லாத சோதனை இது.

டேங்கிலிருந்து தொடங்குக

டீசல் டேங்கிலிருந்து குழாய் வழியாகப் பீட் பம்புக்கும், அங்கிருந்து பில்டர்களுக்கும், பிறகு பெரிய பம்புக்கும், கடைசியில் நாசிலுக்கும் செல்கிறது. கோளாறு தேடுபவர்கள் பெரும்பாலும் நாசிலிலிருந்து தொடங்குகிறார்கள். டேங்கிலிருந்து தொடங்குவதே சரி. செலவும் குறைவு.

டீசல் இருக்கிறதா என்பதை முள்ளைப் பார்த்து நம்ப வேண்டாம். சுத்தமான குச்சியை விட்டு அளக்கவும். டீசல் குறைவாக இருக்கும்போது மேட்டில் ஏறினாலோ, சரக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ உறிஞ்சு குழாயின் வாய் வெளியே தெரிந்து காற்றை இழுத்துவிடும்.

டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கவும். டீசல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கென மூடியில் சிறு துவாரம் உண்டு. அது சேறாலோ பெயிண்டாலோ அடைபட்டால் டேங்கிற்குள் வெற்றிடம் ஏற்பட்டு, பீட் பம்பு எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. இதன் அடையாளம் தெளிவானது. வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், விக்கி நிற்கும், சிறிது நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும், மீண்டும் அதே தூரத்தில் நிற்கும். இதற்காகப் பில்டரை மாற்றி, பீட் பம்பை மாற்றி, பெரிய பம்பையே கழற்றிச் சர்வீசுக்கு அனுப்பியவர்களும் உண்டு. மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு பத்து மைல் ஓட்டிப் பார்த்திருந்தால் காசில்லாமல் முடிந்திருக்கும்.

மூடி தொலைந்துபோய், துணியையும் பாலிதீன் பையையும் சுற்றிக் கட்டி ஓட்டுகிறார்கள் சிலர். அந்தத் துணியில் ஒரு துண்டு உள்ளே விழுந்தால் உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்று இழுவை போனதும் அது விலகிவிடும். வண்டி மறுபடி ஓடும். மூடித் துவாரம் அடைத்ததற்கும் இதற்கும் ஒரே அடையாளம்தான். மூடியைத் தளர்த்தியும் வண்டி நின்றால் இதையே சந்தேகிக்க வேண்டும்.

காற்று இழுப்பது எங்கே?

டிரைவர்கள் 'ஏர் பிடித்துவிட்டது' என்பார்கள். எங்கே டீசல் கசிகிறது என்று தேடுவார்கள்; எங்கும் ஈரம் இருக்காது. காரணம், டேங்குக்கும் பீட் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பீட் பம்பைத் தாண்டிய பிறகுதான் கசிவு கண்ணுக்குத் தெரியும். ஆகையால் ஈரமில்லாத இணைப்புகளையே சந்தேகிக்க வேண்டும். வெடித்த ரப்பர் குழாய், நசுங்கிய செப்பு வாஷர், சேஸிஸில் உராய்ந்து ஓட்டை விழுந்த பைப், சரியாகத் திருகப்படாத பீட் பம்புக் கைப்பிடி ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள்.

இதைத் தீர்மானிக்க ஒரு நல்ல வழி உண்டு. சுத்தமான கேனில் ஐந்து லிட்டர் டீசல் எடுத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் வழியே நேராகப் பீட் பம்பின் உள்வாயில் இணைக்கவும். எஞ்சின் ஒழுங்காக ஓடினால் கோளாறு டேங்கிலோ குழாயிலோ இருக்கிறது. அப்போதும் நின்றால் பீட் பம்பு அல்லது அதற்குப் பிந்திய பகுதி. ஒரே சோதனையில் பாதி வண்டியைத் தேட வேண்டியதில்லை.

பழைய வகைப் பம்பு உள்ள லாரிகளில் காற்றை நாமே எடுத்துவிடலாம். பில்டரின் தலையிலுள்ள ஏர் போல்டை இரண்டு சுற்றுத் தளர்த்தி, பீட் பம்பின் கைப்பிடியை விடுவித்து மேலும் கீழும் அடிக்கவும். முதலில் நுரை வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வழியும்போதே போல்டை இறுக்க வேண்டும். வழிவது நின்றபின் இறுக்கினால் காற்று மறுபடி புகும். பிறகு பெரிய பம்பின் ஏர் போல்டிலும் அவ்வாறே செய்யவும். அதன்பின்னும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், இரண்டு நாசில் குழாய்களின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, டீசல் சொட்டும்வரை செல்ப் அடித்து இறுக்கலாம். ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் செல்ப் அடிக்கலாகாது. இரண்டு நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். (பெரிய பம்பை இன்றும் 'மைக்கோ பம்பு' என்றே அழைக்கிறோம். 1951இல் தொடங்கப்பட்ட அந்தக் கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பேச்சு வழக்கில் பழைய பெயர் போகவில்லை.)

பில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்க்கவும். தண்ணீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் தனியாக நிற்கும். தண்ணீர் தேங்கிய டேங்கில், டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசி போன்ற கசடு உண்டாகிப் பில்டரை அடைக்கும். பம்புசெட்டுக்கென டிரம்மில் நாட்கணக்கில் வைத்திருந்த டீசலை லாரிக்கும் ஊற்றுவோர் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டிரம்மின் அடியில் நாலு விரல் அளவை எடுக்காமல் விட்டுவிட வேண்டும்.

ஒரே வெட்டாக நின்றால்

பழைய லாரியில் முதலில் பார்க்க வேண்டியது, பம்பிலுள்ள ஸ்டாப் லீவர். கேபிள் மாட்டிக்கொண்டாலோ, இழுக்கும் ஸ்பிரிங் அறுந்தாலோ லீவர் 'ஸ்டாப்' பக்கமே நின்றுவிடும். சொலினாய்டு உள்ள பம்பாக இருந்தால், சாவியைத் திருப்பும்போது 'டக்' என்ற ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பியூஸ், ஒயர், பேட்டரி இணைப்பு ஆகியவற்றைப் பார்க்கவும். ஆட்டத்தில் கழன்ற ஒரு ஒயர் போதும், பத்து டன் லாரியை நிறுத்த.

2020 ஏப்ரல் முதல் விற்பனையான பி.எஸ்.6 வண்டிகளும், அதற்கு முன் வந்த காமன் ரெயில் வண்டிகளும் வேறு வகை. இவற்றில் டீசலின் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் செல்லும். நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய பழக்கம் இங்கே உயிருக்கே ஆபத்து. ஊசித் துவாரத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதும் அதே போன்றதுதான். இவ்வண்டிகளில் நாம் பார்க்கக் கூடியவை டேங்க், மூடி, தண்ணீர் வடிகால், பியூஸ், ரிலே, பேட்டரி எர்த் ஆகியவை மட்டுமே. எஞ்சின் சூடானபின் ஒரே வெட்டாக நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சார் மீது சந்தேகம் கொள்ளலாம். செல்ப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் அசையாமல் கிடப்பது, பல வண்டிகளில் அதற்கு ஓர் அடையாளம். யூரியாக் கரைசல் தீர்ந்தால் எஞ்சின் நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். பொதுவாக முதலில் வலுதான் குறையும். ஆனால் அந்தக் கரைசலைத் தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பலாகாது.

சத்தத்தோடு நின்றால்

பேன் பெல்ட் அறுந்து, தண்ணீர் வற்றி, ஆயில் போய் எஞ்சின் பிடித்துக்கொண்டதா என்று பார்க்க, முதலில் ஆற விட வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதோ, எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதோ கூடாது. மூடி முகத்தைச் சுட்டுவிடும். தண்ணீர் ஹெட்டை வெடிக்க வைத்துவிடும். டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் செல்ப் அடிக்க அடிக்க வால்வுகள் வளையும். மழை வெள்ளத்தில் இறங்கி நின்ற வண்டியும் இதே வகையைச் சேர்ந்தது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைக் காற்றைப்போல் அழுத்த முடியாது. ஒரு தடவை செல்ப் அடித்தாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசில்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இந்த நிலையில் மெக்கானிக்குக்குப் போன் செய்வதற்கு முன் இன்னொரு லாரிக்குப் போன் செய்து, சரக்கை மாற்றி அனுப்பிவிடவும்.