நூல் நீளாது, கண்ணி நீளும்

மீஞ்சூர்க் கடைத்தெருவின் ஹார்டுவேர் கடை வாசல்களில் வெள்ளைக் கையுறைகள் கட்டுக்கட்டாகத் தொங்கும். ஒரு பக்கம் அத்திப்பட்டு அனல்மின் நிலையம், இன்னொரு பக்கம் காட்டுப்பள்ளித் துறைமுகம், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். இந்த வட்டாரத்தில் கம்பி தூக்குகிறவர்களுக்கும் மூட்டை இறக்குகிறவர்களுக்கும் பெட்டி அடுக்குகிறவர்களுக்கும் அது அன்றாடத் தேவை. கிழிந்தால் வீசிவிட்டு அடுத்த ஜோடியை எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவு மலிவு என்பதாலேயே அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

உற்றுப் பார்க்க வேண்டிய பொருள் அது. ஐந்து விரல், உள்ளங்கை, மணிக்கட்டு என்று இத்தனை வளைவுகள் இருந்தும் எங்கும் தையல் கிடையாது. மணிக்கட்டு ஓரத்தில் மட்டும் நூல் பிரியாமலிருக்க வண்ண நூலில் ஒரு ஓவர்லாக். மற்றபடி துணியை வெட்டியதும் இல்லை, துண்டுகளை இணைத்ததும் இல்லை. விரல் நுனியில் தொடங்கி, விரல் விரலாகப் பின்னி, எல்லாவற்றையும் உள்ளங்கையில் சேர்த்து, கடைசியில் ரப்பர் நூலோடு மணிக்கட்டை முடித்து, முழுக் கையுறையாகவே இயந்திரம் கீழே தள்ளுகிறது.

ஜப்பானின் வகயாமா நகரைச் சேர்ந்த மசஹிரோ ஷிமா உருவாக்கிய நுட்பம் இது. மணிக்கட்டில் ரப்பர் நூல் வைத்த கையுறையை அவர் சிறு வயதிலேயே யோசித்திருந்தார். கையுறை இயந்திரத்தில் சிக்கினால் கையை விட்டுச் சட்டென்று கழன்று வர வேண்டும் என்பது நோக்கம். 1962-இல் ஷிமா செய்கி நிறுவனத்தைத் தொடங்கினார். 1964-இல் தையலே இல்லாத கையுறையைத் தானாகப் பின்னும் இயந்திரம் பிறந்தது. பிறகு அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. கையுறையைத் தலைகீழாகப் பிடித்து, ஓரத்து விரல்களைச் சட்டைக் கைகளாகவும் நடு விரல்களை உடம்பாகவும் எண்ணிப் பார்த்தால், முழு ஸ்வெட்டரையும் தையலின்றிப் பின்னலாமே! அதற்கான இயந்திரம் 1995-இல் மிலான் கண்காட்சியில் அரங்கேறியது. இன்று பெரிய கடைகளில் விற்கும் தையலற்ற ஸ்வெட்டர்களுக்கு மூதாதை இந்த வேலைக் கையுறைதான்.

எந்தக் கையுறையானாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சுழலும் டிரில்லுக்கும் லேத்துக்கும் பக்கத்தில் பின்னல் கையுறை போடவே கூடாது. ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம், சிக்கினால் போதும், அதோடு இணைந்த மற்ற கண்ணிகளையும் இயந்திரம் இழுத்துக்கொள்ளும், கை அதன் பின்னே போகும். ரப்பர் நூல் இருக்கிறதே என்று நம்பி நிற்கக் கூடாது.

இந்த ஆபத்துக்குக் காரணமான அமைப்பேதான் பின்னல் துணியின் அருமைக்கும் காரணம். பருத்தி நூலின் இரு முனைகளையும் பிடித்து இழுத்தால், பத்து சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். அதே நூலில் செய்த பனியனை இழுத்தால் அகலத்தில் ஒன்றரை மடங்காகவே விரிந்து, விட்டதும் திரும்பச் சுருங்குகிறது. நூலுக்கு இல்லாத குணம் துணிக்கு எங்கிருந்து வந்தது?

திருவள்ளூர் மாவட்டத்திலேயே மூன்று வகைக் கைவேலைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விடை புரியும். பொதட்டூர்பேட்டையில் தறி ஓடுகிறது. அங்கே பாவு நீளமாகவும் ஊடு குறுக்காகவும் போகின்றன. இரண்டு இழைகளும் ஏறக்குறைய நேராகவே இருப்பதால் இழுத்தாலும் நீள இடமில்லை. பழவேற்காட்டு மீனவர்களின் வலையில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு முடிச்சு. அது இறுகிவிட்டது, நகராது. பின்னல் துணியிலோ முடிச்சே கிடையாது. ஒரே நூல் வளைந்து ஒரு கண்ணியாகிறது, அதன் வழியே அடுத்த வரிசையின் கண்ணி தலை நீட்டுகிறது, அதன் வழியே அதற்கடுத்தது. துணியை அகலவாட்டில் இழுத்தால் கண்ணியின் இரு கால்களிலும் இருக்கும் நூல் வழுக்கிக்கொண்டு அகலத்துக்குப் போகும். கண்ணி குட்டையாகும், பரக்கும். நூலின் நீளம் மாறவில்லை, வளைவு மட்டும் மாறியிருக்கிறது. வளைத்த நூல் தன் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கிறது, பனியன் சுருங்குகிறது.

பாரிஸ் ஆய்வாளர் பொயன்குளூவும் குழுவினரும் 2018-இல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். சற்றும் நீளாத நூல், அது வளையும்போது சேமிக்கும் ஆற்றல், கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் முறை. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு துணி எப்படி நீளும், எந்த வடிவில் வளையும் என்று கணிக்க முடிந்தது. பாட்டி காலத்துக் கைவேலை இயற்பியல் இதழ்களில் இடம்பிடித்தது இப்படித்தான்.

ஆய்வுக்கூடத்துக்கு முன்பே திருப்பூர் இதை அனுபவத்தில் அறிந்திருந்தது. 1920-களில் சிறிய அளவில் தொடங்கிய அந்த ஊரின் பனியன் தொழில், இன்று இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் தருகிறது. அங்கே நிட்டிங் கம்பெனிக்குள் நுழைந்தால் காதில் விழும் சொற்கள் டயா, கேஜ், ஜிஎஸ்எம், லூப் லெங்த். இதில் கடைசிச் சொல்தான் ஆதாரம். ஒரு கண்ணிக்குச் செலவாகும் நூலின் நீளம் அது. சாதாரண டி-ஷர்ட் துணியில் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். இங்கிலாந்தின் மண்டன் என்ற ஆய்வாளர் 1959-இல் காட்டியது இது: துணி நன்றாகத் தளர்ந்து தன் இயல்பு நிலைக்கு வந்த பிறகு, ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை கண்ணி இருக்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த நீளம் ஒன்றே. நூலை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும், துணியை எவ்வளவு விரித்துச் சுருட்டினாலும், துவைக்கத் துவைக்க அது தன் கணக்குக்கே திரும்பும்.

புது பனியன் முதல் துவைப்பில் குட்டையாவது அதனால்தான். துணி தேய்ந்து சுருங்கியதாக நினைக்கிறோம். உண்மையில், தொழிற்சாலையில் இழுபட்ட கண்ணிகள் ஓய்வுக்கு வருகின்றன. இதை வாங்குகிறவர் வீட்டில் நடக்க விடாமல் முன்கூட்டியே நடத்திவிடத்தான் திருப்பூரில் காம்பாக்டிங் இயந்திரம் இருக்கிறது. நீராவியில் துணியை நனைத்து, கண்ணிகளை நீளவாட்டில் நெருக்கித் தள்ளிவிடுகிறது.

ஆனால் அந்த ஓய்வு நிலை ஒன்றே ஒன்றுதானா? 2024-இல் பிரான்ஸிலும் ஜப்பானிலும் இருந்து இதை ஆராய்ந்த கிராசுவும் அவரோடு சேர்ந்தவர்களும் இல்லை என்கிறார்கள். நூலும் நூலும் உரசும் இடங்களில் உராய்வு கண்ணியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஆகவே ஒரே துணி பல வடிவங்களில் ‘ஓய்வாக’ இருக்க முடியும். எந்த வடிவம் என்பது அதை முன்பு எப்படி இழுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டில் பின்னுகிறவர்களுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. அளவு பார்ப்பதற்குப் பின்னிய சிறு துண்டை ஊசியிலிருந்து எடுத்த கையோடு அளக்கக் கூடாது. நனைத்து, துண்டில் அழுத்தி ஈரம் எடுத்து, இழுக்காமல் படுக்கையாகப் போட்டு உலர்த்திய பிறகே டேப்பை வைக்க வேண்டும்.

இயந்திரப் பின்னலின் கதை 1589-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் தொடங்குகிறது. வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் சட்டகம் ஒன்றைச் செய்தார். முதலாம் எலிசபெத் அதற்குக் காப்புரிமை தரவில்லை. கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வேலை போய்விடும் என்று அரசி அஞ்சினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. லீ பிரான்ஸுக்குப் போனார். இயந்திரம் நிலைத்துவிட்டது.

அதை இன்றைய வேகத்துக்குக் கொண்டுவந்தது ஒரு சின்னத் தாழ். 1849-இல் மேத்யூ டவுன்சென்ட் காப்புரிமை பெற்ற லாட்ச் ஊசியின் தலையில் கொக்கியும், அதன் கீழே கீல் வைத்த தாழும் உண்டு. ஊசி மேலே எழும்போது கொக்கிக்குள் இருந்த பழைய கண்ணி தாழைத் திறந்துகொண்டு கீழே தண்டுக்கு இறங்குகிறது. திறந்த கொக்கி புது நூலைப் பிடிக்கிறது. ஊசி கீழே இறங்கும்போது அதே பழைய கண்ணி இப்போது தாழை மேலே தள்ளி மூடிவிட்டு, மூடிய கொக்கியின் மேலாக வழுக்கி வெளியேறுகிறது. புது நூல் பழைய கண்ணிக்குள் கண்ணியாகிவிட்டது. தாழைத் திறப்பதும் மூடுவதும் துணியே. வேறு கருவி வேண்டியதில்லை. இந்தத் தாழ் ஒடிந்தால் பனியன் துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். திருப்பூரில் அதை நீடில் லைன் என்பார்கள்.

வேகத்தை எண்ணிப் பாருங்கள். 30 டயா, 24 கேஜ் வட்ட இயந்திரம் என்றால் 30 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 ஊசி. மொத்தம் சுமார் 2,260 ஊசிகள். நூல் புகும் இடங்கள் 90 என்று வைத்தால், ஒரு சுற்றுக்கு இரண்டு லட்சம் கண்ணிக்கு மேல். நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால் ஐம்பது லட்சம். கையால் பின்னுவதில் கின்னஸ் சாதனை படைத்த நெதர்லாந்தின் மிரியம் டெகெல்ஸ் 2006-இல் ஒரு நிமிடத்தில் போட்டது 118 கண்ணி.

அப்படியானால் கையில் ஊசி எதற்கு? தேவைக்கேற்ற ஒன்றே ஒன்றைச் செய்ய இயந்திரத்தை ஓட்ட முடியாது என்பதற்காக. இன்னொன்றும் உண்டு. பின்னல் வகுப்புகளில் நிட், பர்ல் என்று இரண்டைத்தான் கற்றுக்கொடுப்பார்கள். கண்ணியை முன்பக்கமாக இழுத்தால் ஒன்று, பின்பக்கமாகத் தள்ளினால் மற்றது. இந்த இரண்டை மாற்றி மாற்றி அடுக்கினால் ஒரே நூலில் முற்றிலும் வேறான துணிகள் கிடைக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் எலிசபெட்டா மாட்சுமோட்டோவின் குழு நான்கு எளிய அடுக்குகளை எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு மிருது, எந்தத் திசையில் விரியும் என்று அளந்து 2024-இல் வெளியிட்டது. பொருளை மாற்றாமல், கண்ணியின் வரிசையை மட்டும் மாற்றி விறைப்பைத் தீர்மானிக்கலாம் என்பது அவர்கள் காட்டிய முடிவு.

பர்ல் இல்லாமல் வெறும் நிட்டாகவே இரு பக்கமும் பின்னிப் போனால் கார்ட்டர் பின்னல். சுருளாது, இரு முகமும் ஒன்றுபோல் இருக்கும். பாத்திரம் துடைக்கும் துணிக்கு இதைவிட நல்லது கிடையாது. பருத்தி நூலும் நான்கு மில்லிமீட்டர் ஊசியும் போதும். கடையில் அதை 8-ஆம் நம்பர் என்று கேட்க வேண்டியிருக்கலாம், நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். 40 கண்ணி ஏற்றி 80 வரிசை பின்னினால் ஏறக்குறைய சதுரமாக வரும். கார்ட்டரில் ஒரு கண்ணியின் அகலம் இரண்டு வரிசையின் உயரம் என்பதால் அளவுகோலே தேவையில்லை. மேடும் பள்ளமுமான அதன் முகம் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகச் சுரண்டும்.

பழைய டி-ஷர்ட்டும் நூலாகும். அதன் துணியை முன்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல் என்று இரு முகங்களாகப் பின்னியிருப்பதால், வெட்டிய ஓரம் சுருள்கிறது. மேல் ஓரமும் கீழ் ஓரமும் முன்முகம் நோக்கி, பக்க ஓரங்கள் பின்முகம் நோக்கி. கைகளுக்குக் கீழே உள்ள பகுதியை இரண்டு விரல் அகலத்தில் சுற்றிச்சுற்றி ஒரே பட்டையாக வெட்டி இழுத்தால், பட்டை தன்னால் உருண்டு கயிறாகிவிடும். வெட்டிய ஓரம் உள்ளே மறைந்துவிடும். பருத்த குரோஷா ஊசியால் இதில் மிதியடி போடலாம். மீஞ்சூரின் கடற்காற்று ஈரத்துக்குக் கெட்டியான மிதியடி சீக்கிரம் உலராது, ஆகவே தளர்வாகவே போட வேண்டும்.

குரோஷாவில் ஒரே கொக்கி, ஒரு நேரத்தில் ஒரே கண்ணி. கையால் போடும் குரோஷாவை அப்படியே செய்துதரும் தொழில் இயந்திரம் இன்றும் சந்தையில் இல்லை. ஆகவே 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷா குயின்ஸ் குழுவினர் விரித்துக் காட்டிய 11,148.5 சதுர மீட்டர் போர்வையின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு மனிதக் கையால் வந்தது. உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸ் அதைப் பதிந்தது.

இவ்வளவு வெயிலடிக்கும் ஊரில் பின்னல் தொப்பிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு உண்டு. உடம்பின் மொத்தப் பரப்பில் பச்சிளம் குழந்தையின் தலை பெரியவர்களைவிட அதிகப் பங்கு வகிக்கிறது, வெப்பம் அதன் வழியே போகிறது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கி, இன்று நம் மருத்துவமனைகளிலும் நடக்கும் கங்காரு பராமரிப்பில், தாயின் நெஞ்சோடு நெஞ்சாகச் சாய்த்திருக்கும் குழந்தைக்கு அணிவிப்பது தொப்பி, காலுறை, இடுப்புத் துணி மட்டுமே.

அந்தத் தொப்பிக்கு ரிப் பின்னல் வேண்டும், இரண்டு நிட், இரண்டு பர்ல். ஸ்வெட்டரின் மணிக்கட்டில் இருப்பது அதுவே. நிட் கண்ணிகள் முன்னே வர, பர்ல் கண்ணிகள் பின்னே ஒதுங்க, துணி மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக்கொள்ளும், தலை வளர வளர விரிந்துகொடுக்கும். துவைத்து உலர்த்திய சாதா நிட் துண்டில் பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்றால், 30 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 66. ரிப் நான்கு நான்காகச் செல்வதால் 64 ஏற்றலாம். மென்மையான பருத்தி நூல், ஓரம் மடிக்க நான்கு சென்டிமீட்டர் கூடுதல் உயரம். மேலே இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்துக் குறைத்து, மீதியில் நூலைக் கோத்து இறுக்கி, உள்பக்கம் முடிந்துவிட வேண்டும். பொத்தான், ரிப்பன், மணி எதுவும் தைக்கக் கூடாது. கொடுப்பதற்கு முன் வெந்நீரில் துவைத்து, வெயிலில் காயவைத்து, சுத்தமான உறையில் போட்டுத் தர வேண்டும். எத்தனை நாள் போடலாம் என்பதைக் குழந்தையின் எடையையும் உடம்புச் சூட்டையும் பார்க்கும் செவிலியர்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து நன்றாகத் தேறிய குழந்தையைத் தொப்பியோடு தூங்கவைத்தால் உடம்பு சூடேறிவிடும்.