"யார் நீ?" என்று கேட்காத வீடு!

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காப்பி கொடுக்கிறோம். சாப்பிட்டுப் போகச் சொல்கிறோம். ஆனால் வந்தவர் முன்பின் தெரியாதவர். குளித்துப் பல நாள் ஆகிறது. வாயில் சாராய நெடி வீசுகிறது. "இன்று இரவு படுக்க இடம் வேண்டும்" என்கிறார். அப்போது என்ன செய்வோம்?

"உள்ளே வாருங்கள்" என்று சொல்லும் வீடுகள் அமெரிக்காவில் இருக்கின்றன. 'விருந்தோம்பல் இல்லம்' என்று அவற்றுக்குப் பெயர். செல்வம் கொழிக்கும் நியூயார்க் நகரில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த கிழக்குப் பகுதியில்தான் அவை தோன்றின.

ஒரு சென்ட் பத்திரிகை

1933-ம் ஆண்டு அமெரிக்காவில் தொழில்கள் படுத்துவிட்டன. நான்கு தொழிலாளரில் ஒருவருக்கு வேலை இல்லை. ரொட்டிக்கும் சூப்புக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

அந்த ஆண்டு மே முதல் தேதி ஒரு புதுப் பத்திரிகை வெளிவந்தது. அதன் பெயர் 'கத்தோலிக் ஒர்க்கர்'. 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்று பொருள். விலை ஒரு சென்ட். அச்சிட்டது 2,500 பிரதிகள். அதன் ஆசிரியை டாரதி டே அம்மையாருக்கு அப்போது வயது 35. சிறு மகளைத் தனியாக வளர்த்து வந்தவர். அவருக்குத் துணை நின்றவர் பீட்டர் மோரின். பிரான்சு நாட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

மோரின் சொன்னது இதுதான்: ஒவ்வொரு கிறிஸ்தவர் வீட்டிலும் ஏழைக்கென்று ஓர் அறை வேண்டும், வருகிறவர் ஏசுவே என்று எண்ணி வரவேற்க வேண்டும்.

இதைப் பத்திரிகையில் எழுதினார்கள். வீடற்றவர்கள் பத்திரிகையின் வாசலுக்கே வந்துவிட்டார்கள்! எழுதியவர்கள் கதவைச் சாத்த முடியுமா? வாடகைக்கு இடம் பிடித்தார்கள். அடுப்பு மூட்டினார்கள்.

ஒரே பானை, ஒரே சூப்

இந்த வீட்டில் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வரிசையில் வருகிறவர்கள் குடிக்கும் அதே சூப்தான் அவர்களுக்கும். யாரோ தானமாகக் கொடுத்த பழைய உடைதான் உடுப்பு. கல்லூரி மாணவரும் தெருவில் கிடந்தவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து காய்கறி நறுக்குவார்கள். சாப்பிட வந்து, அங்கேயே தங்கி, சமையல்காரராகிவிட்டவர்களும் உண்டு. "நீ என்ன மதம்? ஏன் குடித்தாய்?" என்ற கேள்விகள் இல்லை.

எல்லாம் இனிமை என்று எண்ணிவிட வேண்டாம். சண்டை நடக்கும். பொருள் திருட்டுப் போகும். மூட்டைப்பூச்சி கடிக்கும். மளிகைக் கடன் ஏறும். அம்மையார் இவற்றை மறைக்காமல் எழுதினார்.

வைர மோதிரம்

ஒரு நாள் ஒரு சீமாட்டி வைர மோதிரம் ஒன்றைத் தானமாகக் கொடுத்தாராம். அன்றே அதை, அடிக்கடி சாப்பிட வரும் ஓர் ஏழைக் கிழவியிடம் கொடுத்துவிட்டார் அம்மையார். கூட இருந்தவர்கள் திகைத்தார்கள். விற்றால் அந்தக் கிழவிக்கே வெகு நாள் வாடகை கட்டியிருக்கலாமே! விற்பதா, அணிவதா என்பது கிழவியின் இஷ்டம்; வைரம் பணக்காரருக்கு மட்டுந்தானா என்று கேட்டாராம் அம்மையார்.

யார் செய்தது சரி? வாசகர்கள் வீட்டில் பேசி முடிவு செய்யலாம்.

1956-ல் வேறொரு சோதனை வந்தது. தீ விபத்துக்குத் தக்க பாதுகாப்பு இல்லை என்று அந்த வீட்டுக்கு 250 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கோர்ட்டுக்குப் புறப்பட்டார் அம்மையார். வாசலில் பழைய துணிக்காகக் காத்து நின்றவர்களிடையே இருந்து ஒருவர் முன்வந்து, "இரண்டு-ஐம்பது" என்று சொல்லி ஒரு செக்கை நீட்டினார். இரண்டரை டாலர் என்று எண்ணி வாங்கிக்கொண்டார் அம்மையார். ரயிலில் பிரித்துப் பார்த்தால் 250 டாலர்! கொடுத்தவர் புகழ்பெற்ற கவிஞர் டபிள்யூ. எச். ஆடன்.

பின்பு சுரங்க ரயில் பாதைக்காக நகராட்சி அந்த வீட்டை எடுத்துக்கொண்டது. விலையோடு 3,579 டாலர் வட்டியும் தந்தது. 1960-ல் அந்த வட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார் அம்மையார். வட்டி வாங்குவது தவறு என்பது அவர் கொள்கை. மளிகைக் கடன் ஏறும் வீட்டிலிருந்து போன பணம் அது!

சூப் போதுமா?

"சூப் ஊற்றினால் வறுமை ஒழியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி அம்மையாருக்கும் இருந்தது. அதனால்தான் கூலி கேட்டுப் போராடியவர்கள் பக்கமும் அவர் நின்றார். 1973-ல், 75 வயதில், கலிபோர்னியா பண்ணைத் தொழிலாளரோடு மறியலில் உட்கார்ந்து கைதானார். ஆனால் வறுமை ஒழியும்வரை இன்றைய பசி காத்திருக்காதே! ஆகவே அடுப்பும் அணையவில்லை.

1980 நவம்பர் 29-ந் தேதி, தமது 83-வது வயதில், பெண்களுக்கென அமைத்த 'மேரி இல்லத்தில்' டாரதி டே காலமானார். தாம் விருந்தளித்த ஏழைகள் நடுவிலேயே அவர் உயிர் பிரிந்தது.

இன்று நூற்றுக்கு மேற்பட்ட இல்லங்கள் அந்த வழியில் நடக்கின்றன. அவற்றுக்குத் தலைமை நிலையம் இல்லை. ஒவ்வொரு வீடும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. பத்திரிகையும் வந்துகொண்டிருக்கிறது. விலை? இன்றும் அதே ஒரு சென்ட்தான்!