தஞ்சை சுகோய் ஏன் இப்படி உறுமுகிறது?

2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சுகோய்-30 படைப்பிரிவு அமைந்தது. அதன் போர் விமானம் மேலெழும்பினால் கீழே பேச்சு நின்றுவிடும். ஸ்டார் ஏர் நிறுவனத்தின் எம்ப்ரேயர் 175 பயணிகள் விமானத்தில் அவ்வளவு இரைச்சல் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், இரண்டிலும் இருப்பது டர்போஃபேன் எஞ்சின்தான்.

முகப்பு விசிறி இழுக்கும் காற்றில் ஒரு பங்கு உள்ளே அழுத்தப்பட்டு, எரிபொருளோடு எரிந்து டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் விசிறியைச் சுழற்றுகிறது. மீதிக் காற்று நெருப்பைத் தொடாமலே சுற்றிவந்து பின்னால் வெளியேறும். எம்ப்ரேயரின் சிஎஃப்34 எஞ்சினில் இந்தச் சுற்றுக்காற்று, உள்ளே போவதைப்போல் சுமார் 5 மடங்கு. சுகோயின் ஏஎல்-31 எஞ்சினிலோ பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

உந்துவிசை என்பது தள்ளும் காற்றின் நிறையையும் அதற்குக் கொடுக்கும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. செலவாகும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவதுதான் சிக்கனம். இரைச்சல் கணக்கு இன்னும் பொல்லாதது. ஒலியைவிட மெதுவாகப் பீய்ச்சப்படும் காற்றில், இரைச்சலின் திறன் வேகத்தின் 8-ஆம் அடுக்கில் கூடும் என்று 1952-இல் ஜேம்ஸ் லைட்ஹில் காட்டினார். வேகம் பாதியானால் இரைச்சல் 256-இல் ஒரு பங்கு!

நிறையக் காற்றை நிதானமாகத் தள்ள அகன்ற விசிறி வேண்டும்; போர் விமானத்துக்கு அது ஆகாது. அதிவேகத்தில் அதுவே தடை. போதாக்குறைக்கு, டர்பைனைத் தாண்டிய பிறகும் எரிபொருளைக் கொட்டி மறுபடி எரித்து, பீய்ச்சும் வேகத்தை இன்னும் கூட்டுகிறார்கள்.