கேமராவின் முன் சாட்சி சொல்லப் போகிறீர்களா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, சொத்து வழக்கில் எங்கம்மாவை கேமரா முன்னால் விசாரிக்கப் போறாங்களாம். அவங்களுக்கு என்ன சொல்லித் தரணும்?" என்று கேட்டார். "எதையும் சொல்லித் தராதீர்கள். ஆனால் தயார் செய்யுங்கள்" என்றேன். அவருக்குக் குழப்பம். பெங்களூர் நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். சிவில் வழக்குகளில் 2002 முதல் சாட்சியின் முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாக எழுத்தில் தரப்படுகிறது. எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையை நீதிபதியும் நடத்தலாம், அவர் நியமிக்கும் கமிஷனரும் நடத்தலாம். வயதானவர்கள், நோயாளிகள் என்றால் கமிஷனர் வீட்டுக்கே வருவதுண்டு. வீடியோ வழியாக சாட்சியம் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003 ஏப்ரலில், மருத்துவர் பிரபுல் தேசாய் வழக்கில் தீர்ப்பளித்தது. அங்கே சாட்சி நியூயார்க்கில் இருந்த ஒரு மருத்துவர். அதே ஆண்டு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் என்ற அமெரிக்கப் படக் கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்கில் நம் கர்நாடக உயர் நீதிமன்றமும் இதற்கு நிபந்தனைகள் வகுத்தது. வழக்கின் ஆவணங்கள் சாட்சிக்கு முன்கூட்டியே தரப்பட வேண்டும், விசாரணையின்போது பக்கத்தில் யாரும் இருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. 2020இல் வந்த கர்நாடக விதிகளும் இதையே வலியுறுத்துகின்றன. அனுமதியில்லாமல் குறிப்புத் தாளையோ கைப்பேசியையோ பார்க்கவும் கூடாது.

அப்படியானால் எதைத் தயார் செய்வது? பிரமாண வாக்குமூலம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் வக்கீல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். "இதில் என்ன எழுதியிருக்கிறது, யார் உங்களுக்குப் படித்துச் சொன்னது?" என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். ஆகவே அதை வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டுங்கள். "நான் இப்படிச் சொல்லலையே" என்று அவர்கள் சொன்னால் உடனே வக்கீலிடம் ஓடுங்கள். வரி ரசீது, பத்திரம் எதுவானாலும் முன்பே கண்ணில் காட்டிவிடுங்கள்.

பிறகு ஒருவர் வக்கீல் மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழக்கலாம். பதிலைத் திருத்தாதீர்கள், பழக்கத்தை மட்டும் கவனியுங்கள். நம்மவர்கள் கேள்வியைக் கேட்கும்போதே "ம்ம், சரி" என்று தலையாட்டுவார்கள். கேட்கிறேன் என்பதுதான் அதற்குப் பொருள்; ஆனால் பதிவில் "ஆம்" ஆகிவிடும். "அப்படித்தானே?" என்று முடியும் கேள்விகளைக் குறுக்கு விசாரணையில் கேட்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. முழுக்கக் கேட்டு, ஒரு மூச்சு விட்டு, வாயால் பதில் சொல்ல வேண்டும். "தெரியாது" வேறு, "ஞாபகமில்லை" வேறு. "இருக்கலாம்" என்பது இரண்டுமில்லை. அதைவிட ஆபத்தான சொல் கிடையாது.

கடைசியில், "நீங்கள் பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்கிறேன்" என்பார் வக்கீல். இது எல்லா சாட்சிகளிடமும் கேட்கும் வழக்கமான கேள்வி. முன்பே சொல்லி வைக்காவிட்டால் பெரியவர்கள் கண்ணீர் விட்டுவிடுவார்கள், அல்லது சண்டைக்குப் போவார்கள். "அது சரியல்ல" என்றால் போதும். இன்னொன்று: மகனோ மகளோ அந்த அறையில் இருக்க வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் தாயார் மகன் முகத்தைப் பார்ப்பதை கேமரா அப்படியே பிடித்துவிடும்.

இவ்வளவும் தெரிந்த நானே ஒரு விஷயத்தில் கோட்டை விட்டேன். எங்கள் பெரியம்மா வீடு தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்கு அருகில். அந்தக் கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் குறுக்கு விசாரணை செய்ய யாரும் வருவதில்லை. பெரியம்மாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2014இல் அவரது தகப்பனார் வீட்டில் பங்கு கேட்டு ஒரு வழக்கு. வழக்குப் போட்டவர், தன் தந்தை பெரியம்மாவின் தகப்பனாருக்குச் சுவீகார மகன் என்றார். கமிஷனர் வீட்டுக்கு வந்தார், வீடியோக்காரரும் வந்தார். பெரியம்மா தமிழில் சொல்லச் சொல்ல, கமிஷனர் ஆங்கிலத்தில் தட்டச்சருக்குச் சொன்னார்.

"வரி யார் கட்டியது?" என்று கேட்டார்கள். "அண்ணன்தான்" என்றார் பெரியம்மா. நமக்குப் பெரியப்பா மகனும் அண்ணன், கூடப் பிறந்தவனும் அண்ணன். ஆங்கிலப் பதிவில் அது "சகோதரன்" ஆகிவிட்டது. படித்துக் காட்டியபோது களைப்பில் தலையாட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். வாதத்தின்போது எதிர்த்தரப்பு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது. சகோதரன் என்று அவரே ஒப்புக்கொண்டாராம்!

காப்பாற்றியது வீடியோதான். மனுப் போட்டு, பல வாய்தாக்களுக்குப் பிறகு நீதிமன்றத்தில் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். கமிஷனர் தட்டச்சருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் பெரியம்மாவின் குரல்: "பெரியப்பா வீட்டு அண்ணன்." பதிவு திருத்தப்பட்டது. அந்த மாதங்களில் பெரியம்மா சரியாகத் தூங்கவில்லை. "என் வாயால நானே வீட்டைக் குடுத்துட்டேனா?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

நம் உறுப்பினரின் தாயாருக்கு அடுத்த மாதம் வாய்தா. உறவுமுறைகளை ஒரு தாளில் வம்ச வரிசையாக எழுதி, யார் கூடப் பிறந்தவர், யார் பெரியப்பா பிள்ளை என்று பெயரோடு குறித்து வக்கீலிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடமும் "அண்ணன்" என்று மட்டும் சொல்லாமல் பெயரைச் சேர்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் பெயரை எப்படிச் சொல்வது என்று அந்த அம்மாள் இன்னும் கூச்சப்படுகிறாராம்.